செலக்‌ஷனில் பெயர் வரவில்லையா? பெண்ணை வீட்டில் உட்கார வைக்காதீர்கள்!

கோடை பிறந்தால் போதும். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் சொல்லி அனுப்பிய சேதியோடு பிள்ளை வீட்டுக்கு ஓடி வருகிறது.

“அப்பா, வாலிபால் செலக்‌ஷனுக்குப் போகணும்!”

அப்பா திகைக்கிறார். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்கிறாள். செலக்‌ஷன் என்றால் என்ன? யாரைப் பிடிக்க வேண்டும்? பணம் கட்ட வேண்டுமா? பெண் பிள்ளையை அனுப்பலாமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பகுதியில் இருக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். செங்கம் சாலையில் டீக்கடை வைத்திருப்பவர் ஒருவர். ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர். பூக் கட்டி விற்கிறவள், இட்லிக் கடை போட்டிருக்கிறவள், வெளியூர்க்காரர் தங்கும் அறைகளைப் பெருக்கித் துடைக்கிறவள். கார்த்திகை தீபத்தில் தொடங்கி மாசி வரையில் நாலு காசு வரும். வெயில் ஏறினால் வெளிநாட்டுக்காரர்கள் போய்விடுவார்கள். கையில் காசு இல்லாத அந்தக் கோடையில்தான் செலக்‌ஷனும் வருகிறது!

அது பௌர்ணமியை ஒட்டி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் ஜனம். பஸ்ஸைத் திருப்பி விடுவார்கள். ஆட்டோ நகராது. வியாபாரம் நடக்கிற அந்த ஒரு ராத்திரியில் கடையை விட்டுவிட்டு யார் பிள்ளையை அழைத்துப் போவது?

இத்தனையும் தாண்டி ஒரு தாய் தன் மகளை மைதானத்துக்கு அழைத்துப் போகிறாள் என்றால் அவளைப் பாராட்ட வேண்டும்.

எதற்காக இந்தச் செலக்‌ஷன்?

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. ஆண் பிள்ளைகளுக்குத் தனி, பெண் பிள்ளைகளுக்குத் தனி. 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேருகிற பிள்ளைகளை இவற்றுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் மாவட்டத்தில் தேர்வு. அதில் தேறினால் மாநிலத் தேர்வு. அதிலும் தேறினால் விடுதியில் இடம். சாப்பாடு, தங்கும் இடம், பயிற்சி எல்லாம் இலவசம்.

முன்பெல்லாம் மாவட்டக் காரியம் என்றாலே வேலூருக்குப் பஸ் ஏற வேண்டும். 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆயிற்று. அந்த அலைச்சல் போயிற்று.

இது தவிரப் பள்ளிக்கூட அணி இருக்கிறது. குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என்று அது படிப்படியாக மேலே போகும். முதலமைச்சர் கோப்பைப் போட்டியும் உண்டு. நன்றாக ஆடிச் சான்றிதழ் வாங்கினால் கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டுப் பிரிவில் கேட்கலாம். அரசாங்க வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஏழை வீட்டுக்கு இது சாதாரண விஷயமா?

அமெரிக்காவில் நடப்பதைக் கேளுங்கள். அங்கே பிள்ளைகள் கிளப் அணிகளில் வாலிபால் ஆடுகிறார்கள். அதற்கும் செலக்‌ஷன் உண்டு. பெயர் வந்துவிட்டால் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டும்! பணம் பெற்றோர் பையிலிருந்து போகிறது. இங்கே அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் அங்கே ஒரு கிளப் இல்லாவிட்டால் இன்னொரு கிளப். இங்கே அந்த ஒரு கதவு மூடினால் பிள்ளை வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கேதான் தவறு நடக்கிறது.

ஒரே நாள் தீர்ப்பு

மைதானத்தில் நடப்பது என்ன? உயரத்தை அளக்கிறார்கள். ஓடச் சொல்கிறார்கள், தாண்டச் சொல்கிறார்கள். பிறகு ஆட விட்டுப் பார்க்கிறார்கள். கூட்டம் அதிகம் இருந்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது சில நிமிஷங்கள்தான்.

வாலிபால் உயரத்துக்கு மரியாதை கொடுக்கிற ஆட்டம். அதை மறைக்க வேண்டியதில்லை. பெண்கள் ஆடும் வலை 2.24 மீட்டர் உயரம். அதாவது 7 அடி 4 அங்குலம். ஆண்களுக்கு 2.43 மீட்டர், ஏறக்குறைய 8 அடி. நெட்டையான பிள்ளை மேல் கண் போகத்தான் செய்யும்.

ஆனால் 12 வயதில் அளக்கிற உயரம் என்ன சொல்கிறது? பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 12 வயதை ஒட்டி மளமளவென்று வளர்கிறார்கள். ஆண் பிள்ளைகள் அதற்கு இரண்டு வருஷம் பின்னால். சிலர் முந்திக் கொள்வார்கள், சிலர் பிந்துவார்கள். இன்றைக்குக் குட்டையாகத் தெரிகிறவன் பத்தாம் வகுப்பில் வாசற்படியில் தலை இடித்துக் கொள்வான்!

இன்னொன்று பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டோர் அணி என்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் அதில் ஒரே கணக்கு. இருவருக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம். அந்த வயதில் 11 மாதம் என்பது சிறிய காலமா? கனடா நாட்டில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியல் அறிஞர் 1985-ல் இதை எழுதிக் காட்டினார். அங்கே பனிக்கட்டி மேல் ஆடும் ஹாக்கி அணிகளில் வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருந்தார்கள். சிறு வயதில் சற்றுப் பெரிதாக இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தவர்களுக்கே நல்ல பயிற்சி கொடுத்தார்கள். அவர்களே மேலே போனார்கள். மற்றவர்கள் பாதியிலேயே நின்று போனார்கள்.

ஆகவே “உன் பெண்ணுக்கு ஆட்டம் வராது” என்று அந்த ஒரு நாளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கு அவளைவிடத் தேறியவர்கள் சிலர் இருந்தார்கள் என்றுதான் சொல்ல முடியும்.

ஜப்பானில் யோஷியே தகேஷிதா என்று ஒரு ஆட்டக்காரி. உயரம் 159 சென்டிமீட்டர். நம் ஊர்க் கணக்கில் 5 அடி 3 அங்குலம் கூட முழுசாக இல்லை! 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஆட ஜப்பான் பெண்கள் அணிக்கு இடம் கிடைக்கவில்லை. பழி அவர் உயரத்தின் மேல் விழுந்தது. கொஞ்ச காலம் ஆட்டத்தையே விட்டுவிட்டார். பிறகு திரும்பி வந்தார். பந்தை எடுத்துக் கொடுக்கும் ‘செட்டர்’ வேலை அவருடையது. 2006 உலகப் போட்டியில் மிகச் சிறந்த ஆட்டக்காரி என்ற பரிசு அவருக்குத்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலப் பதக்கம் வாங்கியபோதும் அவர் அணியில் இருந்தார்.

1998-ல் ‘லிபரோ’ என்று ஒரு புதிய இடமும் ஆட்டத்தில் வந்தது. அவர் பின்னால் நின்று பந்தைக் கீழே விழாமல் எடுப்பவர். வேறு நிறச் சட்டை போட்டிருப்பார். வலைக்கு மேல் எம்பி அடிக்க அவருக்கு அனுமதி இல்லை. அதனால் உயரம் அவருக்கு முக்கியம் இல்லை. குட்டையான பிள்ளைக்கு இந்த இரண்டு இடங்களையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். செலக்‌ஷனில் இவற்றைத் தனியாகப் பார்க்கவும் வேண்டும்.

சிபாரிசும் சர்டிபிகேட்டும்

இனிப் பெற்றோர் செய்கிற தவறுக்கு வருவோம்.

பிள்ளையை மைதானத்தில் விட்டுவிட்டு, வார்டுப் பிரமுகரைத் தேடி ஓடுகிற அப்பாக்கள் உண்டு. ஒரு சிட்டு, ஒரு டெலிபோன், ஒரு சிபாரிசு! அப்படி வாங்கிய இடத்தில் பிள்ளை என்ன ஆடும்? கூட ஆடுகிற பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாமலா போகும்? அந்தப் பிள்ளையை அவர்கள் பார்க்கிற பார்வை அப்பாவுக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தெரியும்.

அதைவிட மோசம் வயதைக் குறைப்பது. 15 வயதுப் பையனை 13 என்று காட்டினால் இன்றைக்கு இடம் கிடைக்கலாம். ஆனால் விளையாட்டில் வயது மோசடியைத் தடுக்க மத்திய அரசு 2010-ல் விதிமுறை கொண்டு வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்ப்பார்கள். எலும்பு பொய் சொல்லாது என்று நினைத்துவிட வேண்டாம். அதிலும் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனால் இரண்டு தேதி உள்ள இரண்டு காகிதம் கட்டாயம் காட்டிக் கொடுக்கும். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்றால் பிற்பாடு வேலைக்குப் போகும்போது அந்தப் பிள்ளைதான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க வேண்டும். நேர்மையாக வந்த இன்னொரு வீட்டுப் பையனின் இடமும் போயிற்று. அதை யார் திருப்பிக் கொடுப்பது?

மைதானத்து ஓரத்தில் நின்று கூச்சல் போடுவதும் வேண்டாம். “அடிடா! எம்புடா!” என்று அப்பா கத்தினால் பையன் பந்தைப் பார்ப்பானா, அப்பாவைப் பார்ப்பானா?

பெண் பிள்ளையின் கதை வேறு

பையனுக்குப் பெயர் வராவிட்டால் அவன் சாயங்காலம் தெருவில் ஆடுவான். எங்கேயாவது இரண்டு கம்பு நட்டு ஒரு கயிறு கட்டினால் அவனுக்குப் போதும்.

பெண்ணுக்கு? அன்றோடு ஆட்டம் முடிந்தது. “செலக்‌ஷன் ஆகவில்லை அல்லவா? இனி என்ன விளையாட்டு? வெயிலில் கறுத்துப் போகாதே” என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். பெரியவளாகிவிட்டால் அரைக்கால் சட்டை போடக் கூடாது என்று பாட்டி சொல்கிறாள். கடையில் அம்மாவுக்கு ஒத்தாசை வேண்டும். தம்பியைப் பார்த்துக் கொள்ள ஆள் வேண்டும். ஆக, மைதானம் அவளுக்குச் செலக்‌ஷன் நாளோடு சரி.

செலக்‌ஷன் நடத்துவது தவறு இல்லை. விடுதியில் இருக்கும் இடம் கொஞ்சம். எல்லாரையும் சேர்க்க முடியாது. ஆனால் பெயர் வராத பெண் மறுநாள் எங்கே ஆடுவாள் என்று கேட்க ஒருவரும் இல்லையே, அதுதான் தவறு. பத்துப் பேர் தேறுவதற்காக நூறு பேரை ஆட்டத்திலிருந்து அனுப்பி வைப்பதா?

இது சாமி ஊர், மலைச் சுற்று, இங்கே பெண் பிள்ளைகள் பந்து ஆடுவதா என்று முகம் சுளிக்கிறவர்களும் இருக்கலாம். 1896 செப்டம்பர் 1-ந் தேதி இந்த ஊருக்கு வந்து சேர்ந்த ரமணர், அதற்கு முன் மதுரையில் கால்பந்து ஆடிய பையன்தான். அவர் எந்தப் பக்கம் ஆடினாலும் அந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று ‘தங்கக்கை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்!

வாலிபாலே முரட்டு ஆட்டமாகப் பிறந்தது அல்ல. 1895-ல் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரில் வில்லியம் மார்கன் இதை உண்டாக்கினார். கூடைப்பந்து சிரமமாக இருந்த நடுவயதுக்காரர்களும் ஆடட்டும் என்பது அவர் எண்ணம். அவர் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி ஆசிரியர். அந்தச் சங்கத்தின் வழியாகவே ஆட்டம் நாடு நாடாகப் பரவியது. சென்னையில் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்த ஆசிரியர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் போனார்கள். அர்ஜுனா விருது 1961-ல் தொடங்கியது. அந்த முதல் வருஷமே வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி.

என்ன செய்யலாம்?

செலக்‌ஷன் முடிந்ததும் மதிப்பெண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். ஓட்டத்தில் இவ்வளவு, ஆட்டத்தில் இவ்வளவு என்று தெரிந்தால் சிபாரிசுப் பேச்சு பாதி அடங்கும். பிள்ளைக்கும் எதில் குறை என்று தெரியும். ‘செர்வ்’ சரியாகப் போடவில்லை என்றால் அதை ஒரு வருஷத்தில் திருத்தலாம். “பெயர் வரவில்லை” என்ற ஒரே வார்த்தையை வைத்துக் கொண்டு எதைத் திருத்துவது?

பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும். “என் பெண்ணுக்கு எது குறை, ஐயா?” என்று கேட்பதில் வெட்கம் இல்லை. நல்ல பயிற்சியாளர் கோபிக்க மாட்டார்.

கோடையில் விளையாட்டு ஆணையம் பயிற்சி முகாம் நடத்துகிறது. அதற்குச் செலக்‌ஷன் தேவையில்லை. பெயர் வராத பிள்ளைகளை அங்கே சேர்க்கலாம். முகாம் முடிந்த பிறகும் ஆட ஓர் இடம் வேண்டும். ரமணாசிரமம் பகுதியில் காலி மனை எல்லாம் தங்கும் விடுதியாக மாறி வருகிறது. ஒரு வாலிபால் களத்துக்கு வேண்டியது 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், சுற்றிக் கொஞ்சம் இடம். பள்ளிக்கூட மைதானத்தைச் சாயங்காலம் 4 மணி முதல் 6 மணி வரை பெண் பிள்ளைகளுக்குத் திறந்து விட்டால் புதிய நிலம் தேடவே வேண்டாம். முறை வைத்து இரண்டு தாய்மார் வந்து உட்கார்ந்தால் பயமும் இல்லை.

பெயர் வந்துவிட்ட வீட்டுக்கும் ஒரு வார்த்தை. சந்தோஷத்தில் கண்ணை மூடிக் கொண்டு அனுப்பிவிடக் கூடாது. தாயோ தகப்பனோ ஒரு முறை விடுதிக்கு நேரில் போக வேண்டும். பெண் வார்டன் ராத்திரியும் இருக்கிறாரா? குளியல் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? என்றைக்கு டெலிபோனில் பேசலாம்? படிப்புக்கு எத்தனை மணி நேரம்? எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். 1098 என்பது குழந்தைகளுக்கான உதவி எண். அதைப் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிள்ளை ஊருக்கு வரும்போது, “ஜெயித்தாயா?” என்பதற்கு முன்னால் “அங்கே பிடித்திருக்கிறதா?” என்று கேட்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் காரணத்தைக் கேட்டு, திருப்பி அழைத்துக் கொள்ளவும் தயங்கக் கூடாது.

பெயர் வராத பெண்ணுக்கு அடுத்த செலக்‌ஷன் வர இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அதற்குள் 12 வயதுப் பெண் மூன்று அங்குலம் வளர்ந்துவிடலாம்.