பச்சை உடம்புக்காரிக்கு ஓர் இடம்

டிசம்பர் பிறந்தால் என் சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் ஒரு காகிதம் செருகியிருக்கும். தீபாவளிக்கு எந்தெந்த வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வந்தது என்ற கணக்கு அது. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவில் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் நாங்கள் ஒன்றுதான். வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்க எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும், சொல்லுங்கள்?

2023-ல் அந்தக் காகிதத்தில் 26 வீடுகள். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, அதிரசம். அதற்கு மேல் கேக். இப்போதெல்லாம் கேக் இல்லாவிட்டால் கிறிஸ்துமஸே இல்லை என்றாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் புதுத்துணி, வாசலுக்குப் போன வருஷத்தைவிடப் பெரிய ஸ்டார், கீதம் பாட வருகிறவர்களுக்குக் காபி. கையிலிருந்த மோதிரம் பாங்கில் போய் உட்கார்ந்துகொண்டது. இதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், இனிமேல் அவருக்கும் தெரியும்.

அந்த வருஷம் என் மருமகளுக்கு இரண்டாவது பிரசவம். தாயில்லாப் பெண். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். பிள்ளைக்கு முப்பது நாள்கூட ஆகவில்லை. "அத்தை, நீங்க பிழிஞ்சு தாங்க, நான் எடுக்கேன்" என்று அவளே வந்து அடுப்புக்கு முன்னால் நின்றாள். நான் வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 26 தட்டு என் கண்ணை மறைத்தது.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டபாடில்லை. எதிர்வீட்டுக்காரி ஏதோ கேட்க வந்தாள். அப்பளம் இட்டு விற்றுப் பிழைக்கிறவள். வெயில் இல்லாமல் நாலைந்து நாளாகப் பலகையைச் சாய்த்து வைத்திருந்தாள். அடுப்படியை எட்டிப் பார்த்தவள், வந்த விஷயத்தை மறந்துவிட்டாள்.

"யே மைனி, பச்ச உடம்புக்காரிய இப்படி அடுப்புல நிக்க வச்சிட்டு நீங்க எந்தப் பிள்ளைக்குப் பொறந்தநாள் கொண்டாடுதிய?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நம் பண்டிகையைப் பற்றி இவளுக்கென்ன தெரியும் என்று நினைத்தேன். இரவு கரண்டு போயிற்று. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குடும்ப ஜெபம். வீட்டுக்காரர் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசித்தார். நாற்பது வருஷமாகக் கேட்கிற பகுதிதான். அன்றைக்கு வேறு மாதிரி காதில் விழுந்தது. நிறைமாதப் பெண் குடிமதிப்பு எழுத நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறாள். (நம் பக்கத்து நாசரேத் இல்லை, அது கலிலேயாவில் இருப்பது.) படங்களில் வரும் கழுதையைப் பற்றி லூக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருத்துவச்சி இருந்ததாகவும் இல்லை. பெற்றவளே பிள்ளையைத் துணியில் சுற்றி, மாட்டுக்குத் தீனி போடும் தொட்டியில் படுக்க வைக்கிறாள், இடமில்லாததனால். அந்தப் பச்சை உடம்புக்காரிக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது படுக்க ஓர் இடமும், கொஞ்சம் வெந்நீரும், பக்கத்தில் ஒரு பெண்துணையும். அதை நினைவுகூரத்தான் நான் என் மருமகளை அடுப்பில் நிறுத்தியிருந்தேன்.

பிரசவத்தில் விரிந்த கர்ப்பப்பை சுருங்கி இயல்புக்கு வர ஆறு வாரம் வேண்டும். பால் கொடுக்கிறவளுக்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி அளவுக்குக் கூடுதல் சாப்பாடும் வேண்டும். இந்தப் பத்தியில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஊருக்கு உபதேசம்.

அந்த இரவு பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். பாபநாசம், மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் சேர்ந்து தாமிரபரணி இரு கரையும் புரண்டது. சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. கடைசி ஆட்களை மீட்க 19-ந் தேதி ஆகிவிட்டது. அதுவரை பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்கள் ஊரே வெள்ளத்தில் கிடக்க, இருந்த அரிசியைப் போட்டுக் கோயிலில் வைத்துச் சமைத்துக் கொடுத்தார்கள். அந்த வருஷம் நம் ஆற்றங்கரையில் கிறிஸ்துமஸை ஒரு வாரம் முன்னதாகவே கொண்டாடியவர்கள் அவர்கள்தான் என்பது என் எண்ணம். அவர்கள் என்ன மதம் என்று நான் விசாரிக்கவில்லை.

சரி, 26 தட்டு என்ன ஆயிற்று என்பீர்கள். பிசைந்த மாவு வரைக்கும் சுட்டதோடு அடுப்பை அணைத்தேன். கேக் சொல்லியிருந்ததை வேண்டாமென்றேன். எதிர்வீட்டில் மழைக்கு முன்னால் காய்ந்து டின்னில் அடைத்திருந்த அப்பளத்தை மொத்தமாக வாங்கினேன். தட்டுக்கு ஒரு கட்டு அப்பளம், இரண்டு பழம், நாலு முறுக்கு. கல்லிடைக்குறிச்சியில் போய் அப்பளம் கொடுப்பது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஒரு வீட்டில் சிரித்தேவிட்டார்கள். சிரித்த அம்மாளே சாயங்காலம் பிள்ளையைப் பார்க்க வந்து, பூண்டுக் குழம்பு ஒரு தூக்குவாளி நிறையத் தந்துவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு எல்லாரும் புறப்பட்டார்கள். மருமகளும் எழுந்திருக்கப் பார்த்தாள். "நீ படு, தாயி" என்று சொல்லிப் பிள்ளையை என் மடியில் வாங்கிக்கொண்டேன். நான் அந்த ஆராதனைக்குப் போகாதது என் நினைவில் அதுதான் முதல் தடவை. பால் கேட்டு ஒரே ஒரு முறை அழுதான். மற்றபடி ஏழு மணி வரை இரண்டு பேரும் தூங்கினார்கள்.