அம்மம்மா சிகரெட் பத்துறேல்ல

கிளினிக்கில் கேட்பார்கள்: "சீனி இருக்கா? பிரஷர் இருக்கா? சிகரெட் பத்துறனீங்களோ?" சிகரெட் என்றதும் அம்மம்மாவுக்குச் சிரிப்பு வரும். பக்கத்தில் நிற்கிற எங்களில் ஒருத்தி "இல்லை" என்று சொல்ல, கொப்பியில் ஒரு கோடு விழும். உப்பைக் குறையுங்கோ, தேங்காய்ப்பாலைக் குறையுங்கோ, கண்டதையும் யோசிக்காதேங்கோ. அவ்வளவுதான். ஐம்பது வருசமா விடியக் காலமை எழும்பி அடுப்பு மூட்டுற மனிசியிடம் "எதில சமைக்கிறீங்கள்? குசினியில புகைக்கூடு இருக்கா?" என்று ஒருவரும் கேட்டதில்லை.

நாங்களும் கேட்டதில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

காற்று மாசு என்றால் எங்களுக்கு டெல்லி ஞாபகம் வரும். கொழும்பு பஸ் கக்குகிற கரும்புகை ஞாபகம் வரும். சொந்த வீட்டின் பின்பக்கம் ஞாபகம் வராது. 2020 இல் மட்டும் வீட்டுக்குள் எரிகிற விறகு, கரி, மண்ணெண்ணெய்ப் புகையால் உலகம் முழுக்க 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. புகை என்றால் இருமல், சளி, முட்டு என்றுதானே நினைத்திருக்கிறோம்? அந்தச் சாவுகளில் 100க்கு 32 மாரடைப்பு போன்ற இதய நோயால். இன்னும் 23 பக்கவாதத்தால். பாதிக்கு மேல் இதயமும் இரத்தக் குழாயும்தான்.

எப்படி என்று கேட்டால், விசயம் சிக்கலானது இல்லை. பச்சை மட்டையும் பொச்சும் பன்னாடையும் எரியும்போது வருகிற துகள்களில் மிகச் சிறியவை தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மூக்கில் தங்காது. நுரையீரலின் அடிவரை போய் அழற்சியை உண்டாக்கும், சிலது இரத்தத்திலும் கலக்கும். குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், இரத்தம் உறையிற தன்மை கூடும். புகையோடு வருகிற கார்பன் மொனொக்சைட்டு இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, இதயம் இன்னும் கூட இடிக்க வேண்டும். இளம் உடம்பு சமாளித்துவிடும். ஏற்கெனவே அடைப்புள்ள எழுபது வயது இதயம் என்ன செய்யும்?

இரவிலும் விடுதலை இல்லை. யன்னலைச் சாத்திவிட்டு அவவின் கட்டிலுக்குக் கீழே நுளம்புத்திரி கொளுத்தி வைக்கிறோம். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளில் வருவதற்குச் சமம் என்று 2003 இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அம்மம்மா சிகரெட் பத்துறேல்ல, சரியா?

இப்ப எங்களுக்குக் கோபம் வருகிற இடம். விறகடுப்புக் கறிக்கு ஒரு ருசி இருக்காம். யூடியூப்பில் ஊர்ச் சமையல் வீடியோ போட்டு, ஆச்சி ஊதுகுழலால் ஊதக் கண் கலங்குவதை ஸ்லோமோஷனில் காட்டி, கீழே இதயக்குறி போடுகிறோம். அந்தக் கண்ணீர் பாசம் இல்லை, புகை. ருசி பார்க்கிறது நாங்கள், விலை கொடுக்கிறது அவ. "அந்தக் காலத்து ஆக்கள் புகைக்குள்ள இருந்தும் தொண்ணூறு வரைக்கும் வாழ்ந்தவை" என்று ஒரு மாமா கட்டாயம் சொல்லுவார். வாழ்ந்தவர்கள் கதை சொல்ல இருக்கிறார்கள். அறுபதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் இருந்துபோனவர்களின் கதையை "விதி" என்று மூடிவிட்டோம்.

"காஸ் வாங்கச் சொல்லுறியளோ?" என்ற கேள்வி நியாயமானது. 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபா. அதுவும் வரிசையில் நின்றால்தான். அப்போது விறகுக்குத் திரும்பிய வீடுகளில் அடுப்புக்கு முன்னால் போய் இருந்தது யார்? அதற்கு முன்னரும் எல்லோரும் காஸில் சமைக்கவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் முக்கால்வாசிக்கும் கூடிய வீடுகள் விறகில்தான் சமைத்தன. மலையகத்து லயத்தில் அடுப்பும் படுக்கையும் ஒரே கூரைக்குக் கீழே. யன்னல் திற என்று அங்கே போய் அறிவுரை சொல்ல எங்களுக்கு வாய் வராது. அது வீட்டுரிமையின் பிரச்சினை, அரசு பதில் சொல்ல வேண்டிய பிரச்சினை.

ஆனால் ஹோலுக்கு டைல்ஸ் பதிக்கக் காசு இருக்கிற வீடுகளுக்கு என்ன சாட்டு? புகைக்கூடு கட்டுவது பெரிய விஞ்ஞானமில்லை. குவாத்தமாலாவின் மலைக் கிராமங்களில் திறந்த அடுப்புக்குப் பதிலாகப் புகைக்கூடு வைத்த அடுப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 38 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பிரஷர், மேல் அளவில் சராசரியாக 3.7 குறைந்தது. ஒரு குளிசையும் இல்லாமல்.

முன் விறாந்தைக்குச் செலவழிக்கிற நாங்கள் குசினியைக் கடைசியாக விடுகிறோம், ஏனென்றால் அங்கே நிற்பது பெண்கள். அதுவும் வயது போன பெண்கள். அவர்களுக்கு மூச்சு வாங்கினால் "வயசு போனா அப்பிடித்தான்".

ஆகவே, காய்ந்த விறகை நாங்கள் கொத்தி அடுக்குவம். சொப்பிங் பாக் வைத்து அடுப்பு மூட்டுறதை நிறுத்துவம். நுளம்புத்திரிக்குப் பதிலாக நுளம்பு வலை கட்டுவம். விடியக் காலமை அடுப்படியில் அவவின் இடத்தில் பேரன்மாரும் போய் நிற்கட்டும், அரை மணித்தியாலத்தில் விளங்கும். அடுத்த கிளினிக் நாளில் அவர்கள் கேட்காவிட்டாலும் நாங்களே சொல்லுவம்:

"அம்மம்மா சிகரெட் பத்துறேல்ல. ஆனா ஐம்பது வருசமா புகைக்குள்ளதான் நிக்கிறா. அதையும் கொப்பியில எழுதுங்கோ."