அந்தத் 'தான்' எதற்கு?



போன வாரம் வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே அத்தையின் பாடப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது. ஒரு பக்கத்தின் ஓரத்தில், காய்ந்து போன இட்லி மாவோடு ஒரு விரல் தடம்.

அத்தை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் பி.ஏ. படித்தவர். பிள்ளைகளைத் தூங்கவைத்து, அடுப்படியைக் கழுவிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பார். ஆனால் யாராவது "என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடும். "கரஸ்லதாங்க படிச்சேன்."

அந்தத் 'தான்' எதற்கு? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அந்தப் பல்கலைக்கழகம் எதற்காக வந்தது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் மெட்ராஸில் மட்டுமே பல்கலைக்கழகம் இருந்த காலத்தில், 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார் அண்ணாமலைச் செட்டியார். பிறகு தமிழ்க் கல்லூரியும் வந்தது. அதன் முதல்வராக இருந்தவர் உ.வே.சாமிநாதையர். 1929-ல் இவையெல்லாம் சேர்ந்து பல்கலைக்கழகமாயின. ரயில் நிலையத்துக்குக் கிழக்கே அண்ணாமலை நகர் என்று ஓர் ஊரே எழுந்தது. தமிழ்ப் பேராசிரியராக ஈழத்திலிருந்து விபுலானந்த அடிகள் வந்தார். தமிழிசைக்கு அந்த வளாகம் தாய்வீடானது. 1965 மொழிப் போராட்டத்தில் உயிரைக் கொடுத்த மாணவர் ராஜேந்திரனும் அங்கே படித்தவர்தான்.

இதெல்லாம் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அதில் இல்லாத பகுதியை.

வந்து படிப்பவர்கள் தங்குவதற்கு விடுதி கட்டிய பல்கலைக்கழகம், ஐம்பது ஆண்டு கழித்து, 1979-ல், வர முடியாதவர்களின் வீட்டுக்குப் பாடத்தைத் தபாலில் அனுப்பத் தொடங்கியது. பகலில் கடையில் நின்றவர், கல்யாணத்தோடு படிப்பை நிறுத்தியவர், பதவி உயர்வுக்கு ஒரு டிகிரி தேவைப்பட்ட கிளார்க் என்று எத்தனை பேர்! உங்கள் தெருவிலேயே நான்கு பேராவது இருப்பார்கள், இல்லையா?

நிதி நெருக்கடி வந்து, 2013-ல் அரசே பல்கலைக்கழகத்தை ஏற்று நடத்தத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நிர்வாகத்தின் கஷ்டத்துக்கும் அத்தை கண்விழித்த ராத்திரிகளுக்கும் என்ன சம்பந்தம்?

வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு வாத்தியார் இருந்தார், நண்பர்கள் இருந்தார்கள், சந்தேகம் கேட்க ஆள் இருந்தது. அத்தைக்கு இருந்தது ஒரு டியூப்லைட். அதுவும் மற்றவர்கள் தூக்கம் கெடாமல் எரிய வேண்டும்.

கட்டடங்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. இந்த ராத்திரிகளை யார் எழுதி வைப்பது? நாம்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் கரஸ்ல படித்தவரை உட்காரவைத்துக் கேளுங்கள். முதல் பார்சல் வந்த அன்று வீட்டில் என்ன சொன்னார்கள்? பரீட்சைக்குப் போனபோது பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? கேட்டதை ஒரு பக்கத்துக்குள் எழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள். இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

பெட்டியை அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாவுத் தடம் பட்ட பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மறுநாள் பரீட்சை. மாவரைச்சுக்கிட்டே படிச்சேன். பாஸாயிட்டேன்" என்றார்.

இந்த முறை 'தான்' இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்