சத்திரசிகிச்சை வெற்றி, அதன் பின்னர்?

"சத்திரசிகிச்சை வெற்றிகரமாக முடிந்தது" என்று எழுதிவிட்டுச் செய்தியை முடித்துக்கொள்வது பத்திரிகையாளரான எமது வழக்கம். நோயாளியின் உறவினர்களும் அத்துடன் நிம்மதி அடைகின்றனர். ஆனால், கழுத்து நாடிச் சத்திரசிகிச்சையைப் பொறுத்தவரை அதன் பின்னர் வரும் நாட்களே அதிக கவனத்துக்கு உரியவை.

மூளைக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் கரோட்டிட் நாடியில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால் பாரிசவாதம் ஏற்படலாம். அப்படிவை அகற்றும் சத்திரசிகிச்சை 1950களில் அறிமுகமானது. 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்று அதன் பயனை ஐயத்திற்கு இடமின்றி நிறுவியது. அறிகுறிகளுடன் கூடிய கடுமையான அடைப்பு உள்ளவர்களில், மருந்தை மட்டும் பெற்ற 26 சதவீதமானோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பக்க மூளையில் பாரிசவாதம் ஏற்பட்டது. சத்திரசிகிச்சை பெற்றோரிடையே அது 9 சதவீதமாகக் குறைந்தது.

எனினும், திறந்துவிட்ட பாதையே சிலருக்கு ஆபத்தாகின்றது. நீண்டகாலம் வறண்டு கிடந்த வாய்க்காலுக்குள் குளத்துத் துருசை முழுமையாகத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை எமது விவசாயிகள் அறிவார்கள். மூளையின் நுண்குழாய்களுக்கும் அதுவே நேர்கின்றது. குறைந்த இரத்தத்தைக் கொண்டு சமாளிப்பதற்காக அவை எப்போதும் விரிந்தே இருந்து, சுருங்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றன. பாதை திறந்ததும் இரத்தம் பெருக்கெடுக்கின்றது. முன்னர் இருந்த அளவின் இரு மடங்கையும் தாண்டினால் அதனை மிகையோட்டம் என்கின்றனர். அதனால் தலைவலி, வலிப்பு, அரிதாக மூளையினுள் இரத்தக்கசிவு ஆகியன உண்டாகலாம். நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரையில்தான் இந்நோய்க்கூறு தோன்றுகின்றது. ஆயினும் இரத்தக்கசிவு ஏற்பட்டால் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

யாருக்கு இது வரும் என்பதை முன்கூட்டியே ஓரளவு அறியலாம். அசற்றசோலமைட் என்ற மருந்தைச் செலுத்தினால் ஆரோக்கியமான குழாய்கள் விரிந்து இரத்தவோட்டம் கூடும். ஏற்கெனவே முழுமையாக விரிந்துவிட்ட குழாய்களில் மாற்றம் இராது. மருந்துக்கு முன்னும் பின்னும் எடுக்கப்படும் மூளைப் படங்கள் இதைக் காட்டிவிடும். ஜப்பானின் இவாத்தே மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குனியாக்கி ஒகசவாரா குழுவினர் இத்துறையில் முக்கியமான ஆய்வுகளைச் செய்துள்ளனர். சத்திரசிகிச்சையின்போதும் அதன் பின்னரும் மண்டையோட்டின் ஊடாக ஒலியலைகளைச் செலுத்தி இரத்தத்தின் வேகத்தை அளக்கும் முறையும் உண்டு.

இக்கணிப்பு உறுதியான தீர்ப்பல்ல. ஆபத்து உள்ளவர் என்று குறிக்கப்படுவோரில் பலருக்கு எதுவும் நேர்வதில்லை. எனவே இதில் பணத்தையும் நேரத்தையும் செலவிட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்பதே எனது நிலைப்பாடு. ஏனெனில், கணிப்புக்குப் பின்னர் செய்யவேண்டிய முதன்மையான காரியம் இரத்த அழுத்தத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்துவதாகும். அதற்குப் பெரும் செலவில்லை. படமெடுக்கும் வசதியற்ற மருத்துவமனையிலும் இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி இருக்கின்றது.

குறைபாடு வேறிடத்தில் இருக்கின்றது. இச்சிக்கல் சத்திரசிகிச்சை முடிந்து சில நாட்களின் பின்னரே பெரும்பாலும் தலைகாட்டும். அதற்குள் நோயாளி வீடு சென்றிருப்பார். தலையின் ஒரு பக்கம் வலித்தால் இரண்டு பனடோலை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வார். எமது நாட்டில் அவரது கையில் கொடுத்தனுப்பப்படும் அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டிருக்கும். புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் எமது முதியோரின் நிலையும் இதுவேதான். எச்சரிக்கை நோயாளிக்கு விளங்கும் மொழியில் அவரைச் சென்றடையாவிட்டால் மிகச் சிறந்த கணிப்பினாலும் பயனில்லை.

ஆகவே, இச்சத்திரசிகிச்சைக்குச் செல்வோரின் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். வீடு திரும்புமுன் வைத்தியரிடம் இவற்றைக் கேட்டுத் தமிழில் எழுதி வையுங்கள்: இரத்த அழுத்தம் எந்த அளவைத் தாண்டக்கூடாது? எத்தனை நாட்களுக்கு அளக்க வேண்டும்? கடுமையான தலைவலியோ வலிப்போ வந்தால் எங்கு விரைய வேண்டும்? அக்கடதாசி வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கட்டும்.