செயலி மட்டும் போதாது: சிறப்பாசிரியரும் தாய்மொழியும் வேண்டும்

மாற்றுத்திறன் குழந்தைகளின் வகுப்பறைக்குக் கைக்கணினியும் செயலிகளும் வந்து சேர்ந்திருப்பது வரவேற்கத்தக்கது. பேச்சு வராத குழந்தை படத்தைத் தொட்டுத் தன் தேவையைத் தெரிவிக்க முடிகிறது. பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பு மென்பொருளின் துணையால் பிறர் தயவின்றிப் படிக்க முடிகிறது. உழைப்பாளர் வீட்டுக் குழந்தைக்கு இவற்றை ஆடம்பரம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாணவர்களுக்கு நூல்களையும் கற்றல் பொருள்களையும் உரிய துணைக்கருவிகளையும் 18 வயது வரை இலவசமாக வழங்கும் பொறுப்பை அரசுகள் மீது சுமத்தியிருக்கிறது. அந்தக் கருவி எந்த மொழியில் பேசும், அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பவர் யார் என்பவையே இன்று நம்முன் நிற்கும் வினாக்கள்.

கேரளம் இத்துறையில் செய்தவை சிறியவையல்ல. இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் 45,000 வகுப்பறைகள் உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளாயின. அரசுப் பள்ளிகளின் கணினிகள் கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. பார்வையற்ற ஆசிரியர்களுக்கு ‘ஆர்கா’ திரைவாசிப்பு மென்பொருளில் பயிற்சி தரப்பட்டது. 2020இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது, ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளோடு, மாற்றுத்திறன் மாணவர்களுக்கென ‘வைட் போர்டு’ என்னும் திட்டத்தையும் சமக்ர சிக்ஷா கேரளம் நடத்தியது. பெருநிறுவனங்களிடம் உரிமக் கட்டணம் செலுத்திக் கையேந்தாமலும் பொதுக்கல்வி நடக்கும் என்பதற்கு இவை சான்று.

எனினும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிலிருந்து பார்க்கும்போது ஒரு குறை கண்ணில் படுகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாகாணத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது. வீட்டு மொழியைப் பிரிக்கவில்லை. இங்குள்ள தமிழ்க் குடும்பத்துக் குழந்தை வீட்டில் தமிழ் கேட்கிறது, பள்ளியில் மலையாளம் கேட்கிறது. மற்றக் குழந்தைகள் இரண்டையும் எளிதில் கைக்கொண்டுவிடுவர். அறிவுத்திறன் குறைபாடோ ஆட்டிசமோ உடைய குழந்தைக்கு, முதல் சொல்லே நீண்ட நாள் உழைப்பில்தான் வாய்க்கிறது. அந்தச் சொல் தாய் பேசும் மொழியில் இல்லையென்றால், வகுப்பில் கற்றது வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

தமிழில் பேசும் செயலிகள் இல்லாமல் இல்லை. சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ இன்று தமிழ், மலையாளம் உள்ளிட்ட இந்திய மொழிகளில் கிடைக்கிறது. ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. வேறொரு நுட்பமான சிக்கலும் உண்டு. சென்னைத் தமிழ்க் குரல் ‘தண்ணீர்’ என்று சொல்லும். எல்லைக் கிராமத்து அம்மாவோ ‘வெள்ளம்’ என்பாள். படத்துக்குரிய சொல்லை மாற்றி, வீட்டாரின் குரலையே பதிவுசெய்ய இத்தகைய செயலிகளில் வழி இருக்கிறது. அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும். குழந்தையை அறிந்த, வீட்டுக்குச் சென்று தாயிடம் பேசத் தெரிந்த சிறப்பாசிரியரே அந்த ஆள்.

அந்தச் சிறப்பாசிரியரின் நிலை என்ன? ஒப்பந்த நியமனம், பணிப் பாதுகாப்பின்மை, ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு மாறிமாறி அலைச்சல். தொடக்க வகுப்புகளில் 10 மாணவருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 மாணவருக்கு ஒருவர் என்ற விகிதத்தை ஒன்றிய அரசே 2022இல் அறிவித்தது. இதற்கேற்பப் பணியிடங்களை முறையாக அறிவிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆனால் இந்த ஆசிரியர்களின் ஊதியம் வரும் வழியான சமக்ர சிக்ஷா நிதியையோ, பி.எம். ஸ்ரீ திட்டத்தில் சேரவில்லை என்பதைக் காரணம் காட்டிக் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே அடையாளம் காண ‘பிரசஸ்த்’ என்னும் செயலியை வெளியிட்டதும் அதே அரசுதான். குழந்தையை அடையாளம் காணச் செயலி, கற்பிக்கும் ஆசிரியரின் ஊதியத்துக்குத் தடை! இந்த முரண்பாட்டை மக்களிடம் எடுத்துச் செல்வது நமது கடமை.

இம்மண்ணுக்கு இத்தகைய போராட்டம் புதிதன்று. நெய்யாற்றின்கரைக்கு அருகே ஊரூட்டம்பலத்தில் தலித் சிறுமி பஞ்சமியைப் பள்ளியில் சேர்க்க அய்யன்காளி அழைத்துச் சென்றபோது, சாதி ஆதிக்கவாதிகள் பள்ளியையே எரித்தனர். அந்த அய்யன்காளி பிறந்த வெங்ஙானூரில்தான், அறிவுத்திறன் குறைபாடுடைய குழந்தைகளுக்கான முதல் ‘பட்ஸ்’ பள்ளி 2004இல் கிராமப் பஞ்சாயத்தின் முயற்சியால் தொடங்கியது. குடும்பஸ்ரீயின் துணையோடு பட்ஸ் நிறுவனங்கள் பின்னர் மாநிலம் முழுவதும் பரவின. வழிகாட்டியது ஓர் உள்ளாட்சி அமைப்பு என்பதைத் தோழர்கள் மறக்கலாகாது.

எனவே எல்லைப் பகுதிக் கட்சிக் கிளைகள் முன் தெளிவான பணிகள் உள்ளன. தத்தம் பகுதியில் தமிழ் பேசும் வீடுகளில் உள்ள மாற்றுத்திறன் குழந்தைகளைக் கணக்கெடுக்க வேண்டும். வழங்கப்பட்ட கருவிகள் பயன்பாட்டில் உள்ளனவா, அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா என்று விசாரிக்க வேண்டும். தமிழும் மலையாளமும் அறிந்த சிறப்பாசிரியர்களை வட்டார வள மையங்களில் நிரந்தரமாக நியமிக்கக் கோரவேண்டும். கட்டற்ற மென்பொருளில், இரு மொழிகளிலும், வட்டார வழக்கை ஏற்கும் செயலியை அரசே உருவாக்கி இலவசமாகத் தரவேண்டும் என்று கிராம சபைகளில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். நமது ஆதரவு பெற்ற ஆட்சியாக இருந்தாலும், எதிரணி ஆட்சியாக இருந்தாலும் இக்கோரிக்கை ஒன்றே.

எண்ணிக்கையில் சிறிய மொழிச் சிறுபான்மைக்குள், அதனினும் சிறிய எண்ணிக்கையினர் இக்குழந்தைகள். வாக்கு வங்கியாகக் கணக்கிட்டால் எவருக்கும் இவர்கள் தேவைப்பட மாட்டார்கள். அதனாலேயே இவர்களுக்காக உரத்துப் பேசவேண்டிய கட்சி நம்முடையது.