89 நாள் வேலை... 9 மில்லி செகண்ட் வாழ்க்கை!

எங்கள் ஆபீஸ் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் ஒரு தம்பி இருக்கிறான். 89 நாள் வேலை. 90 ஆகிவிட்டால் 'என்னை பெர்மனென்ட் பண்ணுங்க' என்று கேட்டுவிடுவானோ என்கிற பயத்தில், எந்தக் காலத்திலோ ஒரு மகானுபாவர் போட்டுவைத்த கணக்கு அது.

போன வாரம் கேன்டீனில் நான் ஒரு விஞ்ஞானக் கட்டுரையைப் பிரித்து வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். தம்பி எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"என்ன சார் அது?"

"லித்தியம்-11னு ஒரு அணுக்கரு. அரை ஆயுள் 8.75 மில்லி செகண்ட். ஜெனீவாவுல அதைத் தனியாப் பிரிச்செடுத்து ஆராய்ச்சி பண்றாங்க."

வடையைத் தட்டில் வைத்துவிட்டான். "சார், ஒரு செகண்டுல நூத்துல ஒரு பங்கு கூட இல்லையே! அதைக் கட்டிக்கிட்டு அழறதுக்கா இவ்வளவு செலவு? அதுக்கு நான் தேவலை சார். எனக்காவது 89 நாள்!"

டேபிளில் எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். ஸீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், அவன் சிரித்த சிரிப்பு அவ்வளவு சரியில்லையே என்று பட்டது. அன்றைக்கு அவனுக்கு 80-வது நாள்.

ஒழுங்கான பதில் ஒன்று அவனுக்கு பாக்கி. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் அணுக்களின் சர்வீஸ் ரிஜிஸ்டரைப் பார்த்துவிடலாம். அணுக்கரு என்பது புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். புரோட்டான் எண்ணிக்கைதான் பெயரைத் தீர்மானிக்கும். மூன்று என்றால் லித்தியம், எண்பது என்றால் பாதரசம். நியூட்ரான் எண்ணிக்கை முன்னே பின்னே இருக்கலாம். அவைதான் ஐசோடோப்புகள். கடையில் வாங்கும் பேட்டரியில் உள்ள லித்தியத்தில் பெரும்பாலும் மூன்று புரோட்டான், நான்கு நியூட்ரான். லித்தியம்-11ல் அதே மூன்று புரோட்டானோடு எட்டு நியூட்ரான்! சின்ன வீட்டில் கல்யாணக் கூட்டம். தாங்குமா?

இதுவரை கண்டுபிடித்த அணுக்கரு வகைகள் 3,000-க்கும் மேல். அதில் அழியாமல் நிலைத்திருப்பவை சுமார் 250. பெர்மனென்ட் ஸ்டாஃப் அவ்வளவுதான். மீதியெல்லாம் டெம்பரரி. யுரேனியம்-238 கூட டெம்பரரிதான், ஆனால் அதன் அரை ஆயுள் சுமார் 447 கோடி வருஷம். எல்லா ஆபீஸிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

அரை ஆயுள் என்றால் கூட்டத்தில் பாதி காலியாக ஆகும் நேரம். லித்தியம்-11 அணுக்கரு 1,000 இருந்தால், 8.75 மில்லி செகண்டில் 500. இன்னொரு 8.75-ல் 250. இப்படிப் பத்துத் தடவை பாதியானால் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டும் நேரத்துக்குள் கதை முடிந்துவிடும்.

இதை ஒரு இடத்தில் தயாரித்து, பாட்டிலில் அடைத்து, இன்னொரு இடத்துக்கு அனுப்பி ஆராய்வது நடக்காது. உண்டாக்குவது, பிரிப்பது, அளப்பது எல்லாம் ஒரே இடத்தில், ஒரே மூச்சில் நடக்க வேண்டும்.

இதை முதலில் செய்து காட்டியவர்கள் கோபன்ஹேகனில் இரண்டு பேர், ஆட்டோ கோஃபோட்-ஹான்சன், கார்ல் ஓவ நீல்சன். 1951-ல் யுரேனியம் ஆக்ஸைடு பொடியில் பேக்கிங் பவுடரைக் கலந்து வைத்தார்கள். ஆமாம், கேக் உப்புவதற்குப் போடுகிறோமே, அதேதான்! நியூட்ரான்களை அதன்மேல் பாய்ச்ச, யுரேனியம் பிளந்து கிரிப்டான் வாயு பிறந்தது. பேக்கிங் பவுடரிலிருந்து கிளம்பிய வாயு அந்தக் கிரிப்டானை முதுகில் ஏற்றிக்கொண்டு, குழாய் வழியாகப் பிரிக்கும் இயந்திரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நோபல் பரிசுக்கான ஆராய்ச்சிக்கூடத்தில்தான் நல்ல யோசனை வரும் என்றில்லை, சமையல்கட்டிலும் வரும்.

அந்த யோசனையின் பெரிய பிள்ளைதான் ஜெனீவாவில் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும் 'ஐசோல்டே'. 1967 அக்டோபர் 16-ந் தேதி முதல் கற்றை வந்தது. 1992-ல் வேறு முடுக்கிக்கு இடம் மாறி, இன்றும் வேலை செய்கிறது.

வேலை எப்படி நடக்கிறது?

வேகமான புரோட்டான்களைக் கொண்டுவந்து யுரேனியம் கார்பைடு போன்ற ஒரு இலக்கின்மேல் அடிக்கிறார்கள். உள்ளே அணுக்கருக்கள் உடைந்து, சிதறி, விதவிதமான குட்டிகள் பிறக்கின்றன. பிறந்த குட்டி இலக்கின் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தால் பிரயோஜனமில்லை. அதனால் இலக்கையே சுமார் 2,000 டிகிரி செல்ஷியஸுக்குச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் குட்டிகள் ஊர்ந்து ஊர்ந்து மேற்பரப்புக்கு வந்து, ஒரு சின்னக் குழாய் வழியே வெளியே வருகின்றன. அங்கே ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்கி அவற்றுக்கு மின்னூட்டம் கொடுக்கிறார்கள். பிறகு 60,000 வோல்ட் வரை கொடுத்து ஒரு இழுப்பு. நம் வீட்டு பிளக்கில் வருவது 230.

அந்த இழுப்பில் லித்தியம்-11 செகண்டுக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். சென்னையில் கிளம்பினால் ஒரு செகண்டில் மும்பை. வழியில் ஒரு பெரிய காந்தம். அதன் நடுவே போகும்போது எல்லாம் வளையும். லேசானது அதிகமாக வளையும், கனமானது குறைவாக வளையும். வளைந்து வரும் இடத்தில் ஒரு சந்து விட்டு வைத்தால், வேண்டிய எடைக்காரர் மட்டும் உள்ளே வருவார், மற்றவர்கள் சுவரில் முட்டிக்கொள்வார்கள். நம் தம்பி டெஸ்பாட்சில் தபாலை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுகிறானே, அதே வேலை. இங்கே ஊருக்குப் பதில் எடை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பறக்க ஆரம்பித்தால் ஆராய்ச்சி மேஜைக்குப் போய்ச் சேர ஒரு மில்லி செகண்ட் கூட ஆகாது. தாமதமெல்லாம் இலக்கை விட்டு வெளியே வருவதில்தான்! லித்தியம்-11ல் பெரும்பகுதி வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே செத்துப்போகிறது. டங்ஸ்டன் மாதிரி சில தனிமங்கள் எவ்வளவு சூடாக்கினாலும் சுலபத்தில் வெளியே வருவதில்லை. அதனால் இலக்கை மெல்லிய தகடாக்கலாமா, நுண்ணிய துளைகள் உள்ளதாகச் செய்யலாமா என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஃபைல் மேஜையை விட்டு நகர்ந்துவிட்டால் போதும், அப்புறம் டெல்லி கூடப் பக்கம்தான். ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பௌதிகத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல், ஒரே எடையில் வேறு வேறு ஆட்கள். பெயர் வேறு, ஆனால் எடை கிட்டத்தட்ட ஒன்று. காந்தம் ஏமாந்துவிடும். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில நிறங்களில் மட்டுமே ஒளியை ஏற்கும். லேசரை மிகச் சரியாக அந்த நிறத்துக்குத் திருகி வைத்து அடித்தால், வேண்டிய தனிமம் மட்டும் எலெக்ட்ரானை இழக்கும். மின்னூட்டம் இல்லாத மற்றவர்களை வோல்டேஜ் சீண்டாது. முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிறகு எடை போட்டுப் பார்ப்பது. இரண்டு சோதனையிலும் தப்பித்து வருவது சுலபமில்லை.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன தெரிந்துகொண்டார்கள்? தம்பியின் கேள்வி அதுதானே.

அணுக்கருவின் அளவைப் பற்றி பாடப்புத்தகத்தில் ஒரு விதி உண்டு. உள்ளே ஆட்கள் கூடக் கூட அளவு இவ்வளவு வளரும் என்ற கணக்கு. ஈயத்துக்குச் சரி, இரும்புக்குச் சரி. 1985-ல் இஸாவோ தானிஹாத்தா என்ற ஜப்பானியரும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் பெர்க்லியில் வேறொரு முறையில் லித்தியம்-11ஐ உண்டாக்கி அளந்து பார்த்தார்கள். கணக்கைவிட ரொம்பப் பெரிசாக இருந்தது. 1987-ல் ஹான்சன், யான்சன் என்ற இருவர் காரணம் சொன்னார்கள். ஒன்பது பேர் நடுவில் நெருக்கமாக லித்தியம்-9 ஆக இருக்கிறார்கள். மிச்ச இரண்டு நியூட்ரான்களும் தள்ளி, வெளியே, கோயில் சிலைக்குப் பின்னால் இருக்கும் திருவாசி மாதிரி பரவி நிற்கின்றன. அந்தப் பரப்பையும் சேர்த்துப் பார்த்தால், 11 பேர் உள்ள லித்தியம் 208 பேர் உள்ள ஈயத்தின் அளவுக்கு விரிந்திருக்கிறது!

சாதாரணமாக ஒரு நியூட்ரானைப் பிடுங்க 60, 80 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். இங்கே இரண்டையும் சேர்த்தே 4 லட்சம் போதும். அதுவும் குறைவு.

இதில் இன்னொரு அதிசயம். லித்தியம்-9 ஒரே ஒரு நியூட்ரானோடு சேர்ந்து நிற்காது. இரண்டு நியூட்ரான்கள் மட்டும் தனியாகவும் சேர்ந்து நிற்காது. மூன்று பேரும் சேர்ந்தால்தான் கூட்டணி. ஒருவர் விலகினால் மற்ற இருவரும் அந்த நொடியே பிரிந்துவிடுவார்கள்.

எனக்கு இது புரிந்தது புத்தகத்தால் இல்லை. வேலைக்கு வந்த புதிதில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் நாங்கள் மூன்று பேர் ஒரே ரூமில் இருந்தோம். வாடகையை இரண்டு பேரால் கொடுக்க முடியாது. தவிர, அவர்களில் எந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் சரியாகப் பேச மாட்டோம், மூன்றாமவன் இருந்தால்தான் பேச்சே. ஒருவனுக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தது. பதினைந்தாவது நாள் ரூம் காலி. நாங்கள் எப்படிச் சேர்ந்திருந்தோம் என்பது பிரிந்தபோதுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். அணுக்கருவை ஒட்டவைத்திருக்கும் விசை எப்படிப்பட்டது என்பதை ஈயத்திடம் கேட்டால் முழுசாகச் சொல்லாது. அது சௌகரியமாக இருக்கிறது. இதோ போகிறேன், அதோ போகிறேன் என்று விளிம்பில் நிற்பவனிடம்தான் கேட்க வேண்டும். பெர்மனென்ட் ஆட்களை மட்டும் பார்த்து எழுதிய விதி, டெம்பரரி ஆளிடம் வந்ததும் உடைந்தது.

உங்கள் வீட்டில் பொட்டுத் தங்கமாவது இருக்கும். அதன் வம்சாவளியைக் கேளுங்கள். நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதும் இடங்களில், அணுக்கருக்கள் நியூட்ரான்களை மளமளவென்று விழுங்கி, பிறகு சிதைந்து சிதைந்து தங்கமாகவும் மற்ற கனமான தனிமங்களாகவும் ஆகின்றன. அப்படி ஒரு மோதலை 2017 ஆகஸ்ட் 17 அன்று உலகமே பார்த்தது. கனமான தனிமங்களுக்குப் போகும் அந்தப் பாதையில் ஒரு முக்கிய ஸ்டேஷன் காட்மியம்-130. 1986-ல் ஐசோல்டேவில் அதன் அரை ஆயுளை அளந்தார்கள். ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. இப்படி ஒரு செகண்ட் கூடத் தாக்குப்பிடிக்காத முன்னோர்கள் இல்லையென்றால், அக்ஷய திருதியைக்கு நகைக்கடையில் க்யூ இருக்காது.

2017-லிருந்து அங்கே இன்னொரு நல்ல காரியமும் நடக்கிறது. இலக்கைத் தாண்டி வீணாகப் போகும் புரோட்டான்களைக் கொண்டு, மருத்துவ ஆராய்ச்சிக்கான ஐசோடோப்புகளைத் தயாரிக்கிறார்கள்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "நல்லாத்தான் சார் இருக்கு" என்றான். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான்.

டெஸ்பாட்ச் பீரோவுக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு கவரைப் போன மாதம் எடுத்திருக்கிறான். ரிடையராகி இறந்துபோன ஒரு பியூனின் மனைவிக்கு அனுப்பவேண்டிய குடும்ப பென்ஷன் பேப்பர். தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தையது. யாரிடமும் சொல்லாமல் ஸ்டாம்ப் ஒட்டி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டானாம். "ரெண்டு நாள் முன்னாடி அந்தம்மா வந்துட்டுப் போனாங்க சார். என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. தப்பா எதுவும் பண்ணிட்டேனா சார்?"

அந்த இரண்டு வருஷமும் அந்த பீரோவைத் தாண்டித்தான் பெர்மனென்ட் ஆட்கள் பதினேழு பேர் தினமும் காபி சாப்பிடப் போனோம். நானும் உண்டு.

வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்கு 89-வது நாள். அவனை மறுபடி எடுக்க வேண்டும் என்று மேனேஜருக்கு ஒரு நோட் எழுதியிருக்கிறேன். என் மேஜையிலிருந்து அவர் மேஜை இருபது அடி. நடுவில் மூன்று கையெழுத்து. 60,000 வோல்ட் இருந்தால் நன்றாயிருக்கும். இல்லாததால், நாளைக் காலையில் நானே கையில் எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.