படையில் வந்த மாரடைப்பு: ஆதாரத்தை ஜவான்தான் தேடி அலையணுமா?

மருத்துவப் பரிசோதனையில் பாஸ் ஆனால்தான் ராணுவத்தில் சேரவே முடியும். அப்படிச் சேர்ந்த ஒருவருக்கு 15, 20 வருட சர்வீஸில் இதய ரத்தக்குழாயில் அடைப்பு வருகிறது. ஓய்வு பெறும்போது மருத்துவக் குழு ஒரே வரியில் எழுதிவிடுகிறது: 'பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல'. அதோடு டிஸெபிலிட்டி பென்ஷன் மனு முடங்கிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அது வலிப்பு நோய் தொடர்பான வழக்கு. ஆனால் கோட்பாடு பொதுவானது. சேரும்போது நோய் பதிவாகவில்லை என்றால், அது பணியால் வந்ததாகவே கருத வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்கு. மருத்துவக் குழு காரணத்தையும் எழுத வேண்டும். அதன்பின் 2023-ல் விதிகள் மாறின. யாருக்கு எந்த விதி என்பது ஓய்வு பெற்ற தேதியைப் பொறுத்தது.

14 நாள் கணக்கு

இதய நோய் என்றால், அட்டாக் வருவதற்கு முந்தைய 14 நாள்களில் என்ன டியூட்டி பார்த்தார் என்று மருத்துவக் குழு பார்க்கிறது. சிக்கலே இங்கேதான். அடைப்பு 14 நாளில் உருவாவதில்லை; பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிவது. பனிமலையில் கழித்த வருடங்கள் பின்னுக்குப் போய், அமைதிப் பகுதியில் இருந்த கடைசி இரண்டு வாரம் முன்னால் வந்து நிற்கிறது.

எல்லா மாரடைப்புக்கும் ராணுவம்தான் காரணமா? இல்லை. புகைப்பழக்கம், பரம்பரை எல்லாம் உண்டு. அப்படியென்றால் அதைக் காரணத்தோடு எழுதட்டும். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி ஒரு வரி போதாது.

என்னென்ன சேகரிக்கணும்?

* சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனை அறிக்கை
* ஓய்வின்போது கூடிய மருத்துவக் குழுவின் முழு அறிக்கை
* ராணுவ மருத்துவமனை கேஸ் ஷீட், இசிஜி, ஆஞ்சியோகிராம்
* எங்கே, எப்போது போஸ்டிங் என்ற பதிவு
* அந்த 14 நாள் பணி விவரம்

கையில் இல்லாததை ஆர்டிஐ மூலம் ஆவணக் காப்பு அலுவலகத்தில் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழி கேட்கலாம். மனு நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு, அதன்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கிறது.

பட்டியலை மறுபடி பாருங்கள். பெரும்பாலானவை ராணுவத்தின் அலமாரியில் ஏற்கெனவே இருப்பவை. தன்னிடமே உள்ள காகிதத்தை, ஸ்டென்ட் வைத்த ஒரு மனிதரை அலையவிட்டுக் கேட்பது நியாயமே இல்லை. ஓய்வு பெறும் நாளிலேயே முழு மருத்துவக் கோப்பின் நகலையும் கையில் கொடுத்துவிடலாம். அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், ஒரு உத்தரவு போதும்.